மருந்து பூசாத விதையில் காலபோக வீட்டுத்தோட்டம்: புரட்டாதிக் குறிப்புகள்

கிளிநொச்சிப் பக்கத்துச் செம்மண் வளவு, கிணற்றுத் தண்ணீர். மாரி தொடங்குமுன் மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டி, கௌபி ஐந்தையும் மருந்து பூசாத விதையில் எழுப்பிப் பார்த்ததன் குறிப்பு இது.

வாங்கும்போது

ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் ஏறிய விதை பெரும்பாலும் திராம், கப்டான் போன்ற பூஞ்சணக்கொல்லி பூசியது. யாரும் தவறிச் சாப்பிட்டுவிடக் கூடாது என்றே அந்த நிறம். சந்தேகம் என்றால் கையுறை போட்டு நாலு விதையை ஈரக் கடதாசியில் அழுத்தினால் நிறம் இறங்கும். இறங்காவிட்டால் சுத்தமான விதை என்று அர்த்தமில்லை; பைக்கற்றின் பின்பக்கச் சின்ன எழுத்தையும் வாசிக்க வேண்டும். உடைத்து நிறுத்து விற்கும் கடையில் அந்த எழுத்தும் கிடைக்காது, முளைதிறன் சோதித்த திகதியும் கிடைக்காது. அங்கே வாங்காமல் விடுவது நல்லது.

மருந்து பூசாத விதை எல்லாம் நாட்டு விதை அல்ல. எஃப்1 கலப்பின விதையும் மருந்தில்லாமல் வரும். நன்றாகக் காய்க்கும், ஆனால் அதில் எடுத்த விதை தாயைப்போல வராது. அடுத்த போகத்துக்கு விதை எடுக்கிற எண்ணம் இருந்தால் கலப்பினம் அல்லாத இனமாக (மிளகாயில் எம்.ஐ. 2 போல) பார்த்து வாங்க வேண்டும்.

முளைப்புச் சோதனை

பழைய பருத்திச் சீலைத் துண்டை நனைத்து, தண்ணீர் சொட்டாமல் பிழிந்து, 20 விதையை ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பிச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் நிழலில் வைத்தோம். கௌபி 3ஆம் நாளில் 18. வெண்டி இரவு முழுக்க ஊறப்போட்டும் 5ஆம் நாளில் 15தான். மிளகாய் 9ஆம் நாள் வரை காத்திருந்து 13. அதாவது 40 மிளகாய் நாற்று வேண்டுமென்றால் 60 விதைக்கு மேல் போட வேண்டும்.

மிதக்கிற விதை சொத்தை என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. நெல்லுக்குச் சரி. காய்ந்த மிளகாய் விதை மெல்லியது, நல்லதும் மிதக்கும். அதை நம்பி அரைவாசியைக் கொட்டிவிட வேண்டாம்.

கௌபியை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலையளவு வட்ட ஓட்டை இருந்தால் வண்டு வெளியே போய்விட்டது. அதைவிட மோசம், தோலில் ஒட்டிய வெள்ளைப் புள்ளி: நகத்தால் சுரண்டினால்தான் பெயரும், அது முட்டை. நன்றாகக் காய்ந்த விதையைப் போத்தலில் அடைத்து உறைகுளிரில் ஒரு கிழமை வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். இலை தேமல் விழுந்த கௌபிச் செடியில் விதை எடுக்கக் கூடாது. சில தேமல் வைரசுகள் விதைக்குள்ளேயே வரும்.

நாற்றுமேடை

பிழை விட்டது இங்கேதான். பூஞ்சணக்கொல்லி இல்லாத விதைக்கு அது செய்யும் வேலையை மண்ணில் செய்ய வேண்டும். முதல் மேடையில் அதைச் செய்யவில்லை, மாலையிலும் தண்ணீர் ஊற்றினோம். 6 நாள் நாற்று காலையில் பார்த்தால் சாய்ந்து கிடந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெந்நீர் பட்டதுபோல் நீர்கோத்து, நூலாய்ச் சுருங்கியிருந்தது. இலை மட்டும் பச்சை. நாற்றழுகல், வந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை.

இரண்டாம் மேடையை 15 சென்றிமீற்றர் உயர்த்தி, மேலே வைக்கோலும் உமியும் மாறிமாறிப் பரப்பி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நெருப்பு நகரும்படி எரித்தோம். காற்றோடு போனால் நெருப்பு மேலால் ஓடிவிடும், மண் சுடாது. மண் ஆறிய பிறகு, 10 சென்றிமீற்றர் இடைவெளியில் கோடு கீறி, அரை சென்றிமீற்றர் ஆழத்தில் விதை. தண்ணீர் காலையில் மட்டும். அடர்த்தியாக எறிந்து விதைத்தால் காற்றோட்டம் இல்லாமல் அதே வருத்தம் திரும்பி வரும். மழை இருட்டினால் மேலே பொலித்தீன் கட்டலாம், பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். இம்முறை ஓரத்தில் மட்டும் சில நாற்றுகள் போயின.

விதையோடு வரும் நோய்க்கிருமியைக் கொல்ல, தக்காளி, கத்தரிக்கு வெந்நீர்ப் பக்குவமும் செய்தோம்: சீலைப் பொட்டணமாகக் கட்டி, சுடுதண்ணிப் பிளாஸ்க்கில் 50 பாகை செல்சியஸில் 25 நிமிடம், உடனே பச்சைத் தண்ணீர். வெப்பமானி இல்லாமல் கையால் சூடு பார்த்துச் செய்யக் கூடாது; இரண்டு மூன்று பாகை கூடினாலும் முளைதிறன் கெடலாம். கௌபி, வெண்டி, பழைய விதை எதற்கும் இது ஒத்துவராது.

விதை எடுத்தல்

தக்காளி நன்றாகப் பழுத்ததும் விதையைச் சதையோடு போத்தலில் புளிக்க விட்டால், நம் வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு நாள் போதும். வழுவழுப்பு அறுந்து விதை அடியில் போய்விடும். மூன்றாம் நாள் தாண்டினால் உள்ளேயே முளைவிடும். தேத்தண்ணி வடியில் கழுவி, நிழலில், பீங்கான் தட்டில் காயவிட வேண்டும். கடதாசியில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கௌபிக்கும் தக்காளிக்கும் கலப்புப் பயம் குறைவு. மிளகாய்க்குத் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். கொச்சியும் கறிமிளகாயும் அருகருகே நின்றால் பூக்குமுன் ஒரு கிளையை மெல்லிய துணிப் பையால் மூடி, உள்ளே காய்த்ததில் மட்டும் விதை எடுக்க வேண்டும். காய் பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காயில் நூல் கட்டி அடையாளம் வைக்கலாம்.

சேமிக்க யாம் போத்தல். அடியில் கால் பங்கு வறுத்து ஆறிய அரிசி, மேலே கடதாசிச் சரையில் விதை, சரையில் இனமும் மாதமும். பிரிட்ஜில் வைத்திருந்தால், எடுத்தவுடன் திறக்காமல் போத்தலின் குளிர் போகும்வரை வெளியில் விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து விதை நனையும்.