லாரிக்காரருக்கு நான் என்ன சொல்வது?

“கணக்கில் லாபம் என்கிறீர்கள், பாக். லாரிக்காரர் மூன்று மாதப் பாக்கி வரவில்லை என்று என்னிடம் வந்து நிற்கிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?”

கேட்டவர், இந்தோனேசியாவின் செமாராங் நகரில் இருக்கும் எங்கள் சாக்கு ஆலையின் குடோன் பொறுப்பாளர். ‘பாக்’ என்றால் இங்கே ‘ஐயா’ மாதிரி. 2024இல் நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், துறைப் பொறுப்பாளர்களுக்கு நான் எடுத்த நிதி அறிவு வகுப்பில் எழுந்த ஒரே கேள்வியும் அதுதான். மற்றவர்கள் தலையாட்டினார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள், போனார்கள்.

பதில் சொன்னேன். லாபம் வேறு, ரொக்கம் வேறு. பில் போட்டதும் விற்பனை கணக்கில் ஏறிவிடும், பணம் வர அறுபது நாளோ தொண்ணூறு நாளோ ஆகும். ஆனால் சாக்கு நெய்கிற பிளாஸ்டிக் குருணைக்கு டாலர் விலையில் முன்னதாகவே பணம் கட்டியாக வேண்டும். அந்த இடைவெளியில் யாராவது காத்திருக்கத்தான் வேண்டும், நம்ம விஷயத்தில் அது லாரிக்காரர். பலகையில் கோடு போட்டு, அம்புக்குறி வரைந்து விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். “புரிந்தது பாக், நன்றி” என்று சொல்லி உட்கார்ந்தார். புரிந்தது என்று அவர் சொன்ன விதம்தான் இன்னும் என்னை விடவில்லை.

சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் நான் பேசிய லாபத்தில் ஒரு பகுதி, டிசம்பர் கடைசி வாரத்தில் பில் போட்டுவிட்டு, ஓர் அடிகூட நகராமல் அவர் குடோனிலேயே கிடந்த சரக்கு. அதை அடுக்கி வைத்தவர் அவர்.

இதைத் திருட்டுக் கணக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பில் போட்டுவிட்டுச் சரக்கை நம்மிடமே வைத்திருக்கிற விற்பனைக்கு இந்தோனேசியக் கணக்குத் தரத்திலேயே இடம் இருக்கிறது. அந்த வருடக் கணக்குக்கு அது பி.எஸ்.ஏ.கே. 72. 2024 ஜனவரியிலிருந்து எண் 115 ஆகிவிட்டது, விதி மாறவில்லை. நிறுத்தி வைப்பதற்கு உண்மையான காரணம் வேண்டும், உதாரணமாக வாங்குபவரே கேட்டிருக்க வேண்டும். அது அவர் சரக்கு என்று தனியாக அடையாளம் தெரிய வேண்டும். கேட்டதும் அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அதைத் திருப்பிவிடக் கூடாது. வாங்கியவரின் கடிதம் கோப்பில் இருந்தது: எங்களிடம் இடமில்லை, மார்ச் கடைசி வரை நீங்களே வைத்திருங்கள். ஒவ்வொரு பேலட்டிலும் அவர் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. ஆடிட்டர்கள் வந்து எண்ணினார்கள், கடிதத்தைப் படித்தார்கள், தாளைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் திருப்தி.

கடிதம் வந்தது உண்மை. எழுதித் தரச் சொல்லி இங்கிருந்து யாராவது போன் செய்தார்களா என்று நான் கேட்கவில்லை. வாசகம் எங்கள் விற்பனை இயக்குநர் எழுதுகிற மாதிரியே இருந்ததாக ஒரு நினைப்பு. தோன்றுவதை எல்லாம் கோப்பில் வைக்க முடியுமா?

வகுப்பு முடிந்த அதே வாரம் குடோன் பக்கம் போனேன். வேறு வேலையாகத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பேலட்டுகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் படலம் பெரும்பாலும் தூசு படிந்து மங்கிக் கிடந்தது. பின் வரிசையில் சிலவற்றில் மட்டும் படலம் புதுசாகப் பளபளத்தது. பெயர்த் தாள் பழையதுதான், ஓரம் மடங்கி, வேறு நிற டேப்பில் ஒட்டியிருந்தது. கடிதம் தந்தவருக்கு ஒதுக்கிய சாக்கை அவசரத்துக்கு வேறு யாருக்கோ அனுப்பிவிட்டு, புது உற்பத்தியை அங்கே நிரப்பியிருக்கலாம். அப்படியென்றால் கடைசி நிபந்தனை போச்சு. இல்லை, ஃபோர்க்லிஃப்ட் குத்திப் படலம் கிழிந்து, மாற்றிச் சுற்றியிருக்கலாம். குடோனில் தினமும் நடக்கிற விஷயம்தான் அதுவும். பொறுப்பாளர் பக்கத்தில்தான் நின்றார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் வகுப்பில் அவர் கேட்டது தெரியாமல் கேட்ட கேள்விதானா? எங்கள் ஆலையில் மேலே இருப்பவரைப் பார்த்து “இது சரியில்லை” என்று நாலு பேர் முன்னால் யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதை இன்னொருவர் கஷ்டமாக, இல்லையென்றால் தன் குழப்பமாக மாற்றித்தான் வைப்பார்கள். லாரிக்காரரை முன்னால் நிறுத்தியது அதற்காகத்தானோ என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், பாவம், லாரிக்காரர் நச்சரிப்பு தாங்காமல்தான் கேட்டிருக்கிறார், நாம்தான் இல்லாததைக் கற்பனை செய்கிறோம், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். அப்புறம், குற்றம் எங்கே வந்தது, அதுதான் கடிதம் இருக்கிறதே என்று வாதாடுகிறேன்.

இதில் இன்னொரு கூத்து. தேநீருக்கு முந்தைய பகுதியில் கருடா இந்தோனேசியா விமான நிறுவனத்தின் கதையைச் சொன்னவனே நான்தான். 2018 கணக்கில், விமானங்களில் வைஃபை தருவதற்கான 15 வருட ஒப்பந்தம் ஒன்றிலிருந்து கிட்டத்தட்ட 24 கோடி டாலரை அந்த ஒரே ஆண்டின் வருமானமாக எழுதிக்கொண்டார்கள். அதனால் சுமார் 8 லட்சம் டாலர் லாபம் காட்ட முடிந்தது. மேற்பார்வைக் குழுவில் இரண்டு பேர் அந்தக் கணக்கை ஏற்க மறுத்தார்கள். 2019இல் அரசுத் தரப்பு விசாரித்துத் திருத்தி எழுத வைத்தபோது, அதே ஆண்டு சுமார் 17.5 கோடி டாலர் நஷ்டமாக மாறியது. ஆடிட்டரின் உரிமத்தை 12 மாதம் முடக்கினார்கள். கதையின் முடிவில், “பணம் வராத வருமானத்தைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள்” என்று ஸ்லைடில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். கேட்டுவிட்டார்.

எங்களுடையதை அதோடு ஒப்பிட முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எங்கள் சரக்கு நிஜம், வாங்கியவர் நிஜம், பணமும் ஏப்ரலில் வந்து சேர்ந்தது.

முதல் ஸ்லைடு அதைவிட உறுத்துகிறது. நிதிச் சேவைகள் ஆணையமான ஓ.ஜே.கே.யின் 2022 கணக்கெடுப்பு: நிதிச் சேவைகளைப் பயன்படுத்துவோர் 85.10 சதவீதம், நிதி அறிவு உள்ளவர்கள் 49.68 சதவீதம். கணக்கு வைத்திருக்கிறார்கள், கணக்கு தெரியவில்லை என்பது என் வாதம். குடோன் பொறுப்பாளரைத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் வகுப்பையே போட்டேன். எந்தச் சரக்கு எந்தத் தேதியில் வாசலைத் தாண்டியது என்பது எனக்கு மாத முடிவில் தெரியும், அவருக்கு அன்றைக்கே தெரியும்.

சரி, அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால்? “லாபத்தில் ஒரு பங்கு உங்கள் பின் வரிசையில் இருக்கிறது, பாக்” என்று சொல்லியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கொள்முதல் ஆள் இருந்தார், அவர் மூலம் சப்ளையர்களுக்குப் போயிருக்கும். இரண்டாம் காலாண்டில் வங்கிக் கடன் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்த பில் இல்லாவிட்டால் கடனுக்கும் மூலதனத்துக்கும் வங்கி வைத்த விகிதத்தைத் தாண்டியிருப்போம். வங்கி வரம்பைக் குறைத்தால் முதலில் வெளியே போவது ஒப்பந்தத் தொழிலாளர்கள், அதிலும் குடோனில் சுமப்பவர்கள். பெருநாள் போனஸை லெபரானுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, ஏழு நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். கொடுத்தோம். இதையெல்லாம் யோசித்துத்தான் பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேனா என்றால், இல்லை. அது வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. காரணங்கள் பிறகு சேர்ந்தவை.

அந்தக் காரணங்களும் ரொம்ப நாள் தாங்கவில்லை. டிசம்பருக்கு இழுத்த விற்பனை ஜனவரிக்கு இல்லாமல் போனது. ஆண்டு முடிவில் 15,400 ரூபியாவை ஒட்டியிருந்த டாலர், லெபரான் விடுமுறை முடிந்து ஆலை திறந்தபோது 16,000ஐத் தாண்டியிருந்தது, குருணை விலையும் கூடவே ஏறியது. வங்கிக்குக் கொடுத்த அறிக்கையில் இந்த ஆபத்துக்கு ஒரு பத்தி எழுதியிருந்தோம். வங்கியில் அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இப்போது ஒரு படிவம் கொண்டுவந்திருக்கிறேன். பில் போட்டு வைத்திருக்கும் சரக்குக்கு மாதாமாதம் பேலட் வாரியாகப் பட்டியல், குடோன் பொறுப்பாளர் நேரில் பார்த்துக் கையெழுத்து, அனுப்பியது நிரப்பியது ஏதாவது இருந்தால் எழுதக் கீழே இடம். அவர் குரலும் கணக்கில் ஏறட்டும் என்று செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவில் மூத்தவர், நாங்கள் ‘இபு’ (அம்மா) என்று அழைப்பவர், படிவத்தைப் பார்த்துவிட்டு, “நல்லதுதான் பாக். நாளைக்கு ஏதாவது ஆனால் கையெழுத்து அவருடையது, இல்லையா?” என்றார். என் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்தேன். இபு அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தை நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தேன். நிறுத்தினால் பழையபடி கடிதமும் ஒட்டிய தாளும்தான் சாட்சி. அதனால் தொடர்கிறது.