312 மாத்திரைகள்

2024 மார்ச் 11

இரண்டு வருடமாகத் தாடையோரம் குடியிருக்கும் பருக்களுக்காக இன்று தோல் மருத்துவரிடம் போனேன். இதுவரை பூசியதையெல்லாம் எடுத்துவைக்கச் சொன்னார். மருந்துக்கடையில் நானாக வாங்கிய சிவப்பழகுக் களிம்பைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார்: குளோபெட்டசால். வீரியமான ஸ்டீராய்டாம். பூசிய ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்றானதும், நிறுத்தியபோதெல்லாம் பரு இரட்டிப்பாகக் கிளம்பியதும் அதன் கைங்கரியம்தான். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. நானும் அது என்னவென்று கேட்கவில்லை.

இனி தினம் ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை, டாக்ஸிசைக்ளின் 100 மி.கி.; முகத்தில் பூச இரவில் அடாபலீன், காலையில் பென்சாயில் பெராக்சைடு. வெறும் ஆன்டிபயாட்டிக் மட்டும் என்றால் கிருமி அதற்குப் பழகிவிடுமாம்.

மார்ச் 14

நேற்றிரவு தூக்கக் கலக்கத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டேன். மூன்று மணிக்கு நடுநெஞ்சில் கங்கு வைத்தது போல எரிச்சல். எச்சில் விழுங்கினாலும் வலி. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிட்டது. முழு டம்ளர் தண்ணீர், அரைமணி நேரம் படுக்கக் கூடாது என்று சீட்டின் ஓரத்தில் எழுதித்தான் இருக்கிறது. இனி இரண்டு நாளைக்கு மோர்ச்சோறு.

ஏப்ரல் 6

அப்பாவின் நீலத் துண்டில் ஆரஞ்சுத் திட்டுகள். சலவைத் தூளைத் திட்டிக்கொண்டிருந்தார். பெராக்சைடு சாயத்தை வெளுக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல மூன்று நாள் ஆனது. டாக்ஸிசைக்ளின் தயவில் வெயிலும் அதிகம் சுடுகிறது. ஸ்கூட்டர் ஓட்டியே புறங்கை கன்றிப்போயிற்று.

ஜூன் 3

பன்னிரண்டு வாரம் முடிந்தது. கன்னம் தெளிந்திருக்கிறது, தாடையில் கட்டிகள் அப்படியே, குழிகளும் விழத் தொடங்கிவிட்டன. அடுத்தது ஐசோட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ வகையறா. டாக்ஸிசைக்ளினை நிறுத்தியாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம்.

இரத்தக் கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை என்று எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் கர்ப்பப் பரிசோதனையையும் எழுதினார். பக்கத்தில் அம்மா. கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, டாக்டர்." எல்லாப் பெண்களுக்கும் எழுதுவதுதான் என்றார் மருத்துவர், இந்த மருந்து கருவை மோசமாகச் சிதைக்கும், முடித்த பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. அம்மா விரல்விட்டு எண்ணினார். "அப்படியானால் வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா?" மாப்பிள்ளையே இன்னும் கிடைக்கவில்லை.

ஜூன் 9

மாதவிலக்கின் இரண்டாம் நாள். பரிசோதனைகள் சரி, தொடங்கியாயிற்று. கிலோவுக்கு 120 மி.கி. வீதம் என் 52 கிலோவுக்கு மொத்தம் 6,240 மி.கி. தினம் 20 என்றால் 312 மாத்திரைகள். எண்ணெய்ப் பசையுள்ள சாப்பாட்டோடுதான் உடம்பில் சேருமாம். "பருவுக்கு எண்ணெய் ஆகாது" என்று இரண்டு வருடம் என்னைப் பட்டினி போட்ட அம்மாவே இன்று இட்லிப் பொடியில் நல்லெண்ணெயைக் குளமாக ஊற்றினார்.

ஜூலை 2

முன்பைவிட மோசம். முதல் சில வாரங்கள் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடி முன் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை. உதடு வெடித்து, அந்த இட்லிப் பொடி பட்டாலே கண்ணில் நீர் வருகிறது. வாசலின் டப்பா தலையணைக்கடியில்.

செப்டம்பர் 20

அலுவலகத்தில் இரத்ததான முகாம். நான் கொடுக்க முடியாது. என் இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடக் கூடாது. பின்வரிசைக்காரர் ஊசிக்குப் பயமா என்றார். ஆமாம் என்றேன். புதிதாகப் பரு வந்து பதினொரு நாள் ஆகிறது.

டிசம்பர் 8

183ஆவது மாத்திரை. அத்தை வந்திருந்தார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன போட்டாய் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா: "எல்லாம் கடலை மாவுதான், அண்ணி."

இன்னும் 129.