போண்டாவுக்குப் பல் வெட்ட அலைந்த கதை

சிங்கப்பூரில் மீனுக்குப் பல் வெட்டிவிடும் டாக்டர் இருக்கிறார். ஆனால் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் எங்கள் மீன் போண்டா பட்டினியிலேயே செத்துவிடுமோ என்று பயந்துபோனோம். நல்லவேளை, பிழைத்துவிட்டது. பஃபர் மீன் வளர்க்கும் இன்னொரு குடும்பம் இதே அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போண்டா, பச்சைப் புள்ளி பஃபர். ஊரில் பேத்தை என்பார்களே, அந்தக் குடும்பம்தான். என்னோடு வேலை பார்த்த நண்பர் சென்னைக்கே திரும்பிப் போனபோது தொட்டியோடு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் அதற்குக் கிடைத்ததெல்லாம் உறைய வைத்த ரத்தப்புழு மட்டும். பஃபருக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல்லும் ஒட்டி அலகு மாதிரி இருக்கும், ஆயுசுக்கும் வளரும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஓடுள்ளதைக் கடித்து உடைத்தால்தான் அது தேயும். எங்களிடம் வரும்போதே போண்டாவின் மேல் அலகு கீழ் அலகைத் தாண்டி இறங்கியிருந்தது.

நத்தை போட்டுப் பார்த்தோம். ஆசையாகத்தான் பாய்ந்து வரும். கவ்வும், ஓடு வழுக்கும், துப்பும், திரும்ப வந்து கவ்வும். கொஞ்ச நாளில் அந்த ஆசையும் போய்விட்டது. உருண்டையாக இருந்த வயிறு உள்ளே ஒட்டிப்போனது. என் மகள் இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கி இடுக்கியில் பிடித்துத் தொட்டிக்குள் நீட்டினாள். கிட்டே வந்து பார்க்கிறதே தவிர, வாயைத் திறந்து உள்ளே இழுக்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

முதலில் ஒரு மீன் கடையில் விசாரித்தேன். "கொண்டு வாங்க, வலையில அள்ளி நகவெட்டியால வெட்டிடலாம்" என்றார் கடைக்காரர். மயக்க மருந்தா? அதெல்லாம் எதற்கு என்கிறார். தயவுசெய்து யாரும் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பஃபர் பயந்தால் உப்பும். தண்ணீருக்குள் உப்பினால் தண்ணீரைக் குடிக்கும், பிறகு வெளியே விட்டுவிடும். வெளியே தூக்கிவைத்தால் காற்றை விழுங்கிவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் வயிறு மேலே மிதந்து சாகிற பஃபர்கள் உண்டு.

வீட்டிலேயே கிராம்புத் தைலம் வைத்து மயக்கி வெட்டலாம் என்றும் சொன்னார்கள். வெளிநாடுகளில் பலர் அப்படிச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு புட்டி வாங்கியும் வைத்தேன். ஆனால் அந்த எண்ணெய் தண்ணீரில் தானாகக் கரையாது, வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் குலுக்கிக் கலக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் செவுள் அசைவு நின்றுவிடலாம். பட்டினி கிடந்து மெலிந்த மீனிடம் அந்தச் சோதனை வேண்டாம் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி.

சரி, டாக்டரிடமே போவோம் என்று தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் வரும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவின் இணையத்தளத்தைத் திறந்து விலங்கு கிளினிக்குகளைப் பார்த்தேன். நாய், பூனை, முயலுக்குக் குறைவில்லை. மீன் என்றதும் பாதிப்பேர் ஃபோனை வைக்கத்தான் பார்த்தார்கள். ஓர் இடத்தில், "மீன் பார்ப்பீங்களா?" என்றால், "பார்ப்போம், வாங்க" என்று நேரமும் கொடுத்தார்கள். மனசு குளிர்ந்துவிட்டது.

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, போண்டாவை அதில் விட்டு, செல்லப்பிராணி ஏற்றும் கிராப் வாடகை வண்டியில் போனோம். பையில் எடுத்துப் போகாதீர்கள், பஃபர் பையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். எம்ஆர்டியில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் ரயிலை நினைக்கவே வேண்டாம்.

அங்கே போனால் முகப்பில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மீன் பார்க்கிற டாக்டர் இன்னைக்கு வரமாட்டார்" என்கிறார். நேரம் கொடுத்ததே நீங்கள்தானே என்றால், "மீன்னு சொன்னீங்க, பல்லுன்னு சொல்லலையே" என்று பதில். ஃபோனில் பல் என்றும், பஃபர் என்றும் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருந்த டாக்டர் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பல் நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே மீனுக்கு மயக்கம் கொடுப்பதில்லை என்றார். அவர் நல்ல மனிதர், அவர் மேல் குறை இல்லை. ஆனால் பல் நீளம் என்று எங்களுக்கே தெரிந்ததைச் சொன்னதற்கு முழு ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். அது இன்றும் வயிற்றெரிச்சல்தான்.

அடுத்த இடத்தில் புகைப்படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். வரச் சொன்னார்கள், போனேன். அப்புறம்தான் கேட்கிறார்கள், தண்ணீர் அளவீடு எங்கே என்று. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் எல்லாம் என் கைப்பேசியில் இருந்தன. உப்பின் அளவு இல்லை. பச்சைப் புள்ளி பஃபர் உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் முகத்துவாரங்களில் வாழ்வது, அதனால் டாக்டர் அந்த அளவைக் கேட்பது நியாயம். அதை முன்பே ஒரு வரி எழுதியிருக்கலாமே! காகிதப் பட்டைச் சோதனையில் உப்பின் அளவு சரியாகத் தெரியாது, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி வேண்டும். கடல்மீன் வளர்க்கும் நண்பரிடம் இரவல் வாங்கி அளந்துகொண்டு ஃபோன் செய்தால், இனி அடுத்த வாரம்தான் நேரம் என்றார்கள். சாப்பிடாத மீனுக்கு அடுத்த வாரமா?

அன்று ராத்திரி உட்கார்ந்து கேள்வியையே மாற்றி எழுதினேன். "மீன் பார்ப்பீர்களா" என்பதை எடுத்துவிட்டேன். "பஃபர் மீனுக்கு மயக்கம் கொடுத்துப் பல் வெட்டிய டாக்டர் உங்களிடம் இருக்கிறாரா? அவர் எந்தெந்த நாளில் வருவார்? என்னென்ன கொண்டு வர வேண்டும்?" என்று நேராகக் கேட்டேன். இல்லை என்றவர்கள் உடனே இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதுவே பெரிய உதவி. ஓர் இடத்தில் தாதி, "இருங்க" என்று டாக்டரிடமே ஃபோனைக் கொடுத்தார். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மறுநாளே வரச் சொன்னார்.

அவர் சொன்னதில் முக்கியமானது, இரண்டாவது டப்பாவிலும் தொட்டித் தண்ணீர் கொண்டு வாருங்கள் என்பது. ஒரு டப்பா மயக்கத்துக்கு, இன்னொன்று மயக்கம் தெளிய. நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருக்கிறது. ஒரு ராத்திரி திறந்து வைத்தால் அது போய்விடாது, அதற்கென்று மருந்து ஊற்ற வேண்டும். உப்பு அளவும் சேர வேண்டுமே. காற்றுக்கல்லும் பேட்டரி பம்பும்கூட எடுத்துப் போனேன்.

வேலை நடந்தது சில நிமிடம்தான். மீனுக்கென்று உள்ள எம்எஸ்-222 மயக்க மருந்து. அது தண்ணீரைப் புளிப்பாக்கும் என்பதால் சமையல் சோடா சேர்த்துக் கலக்கினார். போண்டா முதலில் சாய்ந்தது, பிறகு புரண்டது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. டாக்டர் ஈரக் கையுறையோடு அதைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டார், வாய் நுனி மட்டும் வெளியே. சின்னக் கத்தரியால் மேல் அலகின் ஓரத்தில் ஒரு வெட்டு. 'டிக்' என்று சத்தம் கேட்டு, மஞ்சள் கலந்த வெள்ளையில் நொய்யரிசி அளவுக்கு ஒரு துண்டு தட்டில் விழுந்தது. இன்னும் இரண்டு வெட்டு, கீழே ஒன்று. உதட்டையும் நாக்கையும் தள்ளிப் பிடித்திருந்த அந்த விரல்களின் பொறுமையைப் பார்த்தபோது, நான் வீட்டில் இதைச் செய்யாமல் விட்டதே பெரிய புண்ணியம் என்று தோன்றியது.

இரண்டாவது டப்பாவில் விட்டு, செவுளுக்குள் தண்ணீர் ஓடும்படி முன்னால் மெதுவாக நகர்த்திக் கொடுத்தார். வால் ஆடியது. கண் உருண்டு எங்களைப் பார்த்தது. என் மகள் அழுதுவிட்டாள்.

பில் தொகையில் இன்னும் பல பஃபர் வாங்கியிருக்கலாம். துளியும் வருத்தம் இல்லை. மறுநாள் சாயங்காலம் இறால் துண்டைக் கவ்வி விழுங்கியது. அதற்கடுத்த நாள் ஒரு குட்டி நத்தையை ஓட்டோடு உடைத்தது.

இப்போது தீனி விஷயத்தில் டாக்டர் சொன்னபடிதான். ரேம்ஸ்ஹார்ன் நத்தையைத் தனி ஜாடியில் வளர்க்கிறோம். தேக்கா ஈரச்சந்தையில் நண்டுக்கால், சிப்பி, ஓட்டோடு இறால் வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறோம். தினமும் சிப்பி மட்டுமே கொடுத்தால் பி1 சத்து குறைந்துவிடுமாம். கூர்கூராக நீண்டிருக்கும் மலேசிய நத்தை வேண்டாம், அதன் ஓடு பல்லையே பெயர்த்துவிடும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வடிகாலில் பொறுக்கியதையும் போடாதீர்கள், கொசு மருந்து அடிக்கிற இடம் அது.

பல் வெட்டிய அன்று கிளம்பும்போது தாதியிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். போண்டாவின் பதிவில் "பஃபர், பல் வெட்டு, மயக்கம் தேவை, இந்த டாக்டர் மட்டும்" என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எப்படியும் பல் திரும்ப வளரும். அப்போது முகப்பில் யார் உட்கார்ந்திருந்தாலும் பதிவு எண்ணைச் சொன்னால் போதும்.