பட்டியலில் இருக்கு, இணைப்பில் இல்லை: பவர்சிஎல்ஐ சோதனைக் குறிப்பு

வேலை இதுதான்: கரண்ட் போனதும், யுபிஎஸ் பேட்டரி தீர்வதற்குள் விஎம்களை (ஒரே பெட்டிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை) ஒழுங்காக அணைக்கும் ஸ்கிரிப்ட். எழுதியது பவர்சிஎல்ஐயில், அதாவது விஎம்வேர் சர்வர்களை பவர்ஷெல் கட்டளைகளால் இயக்கும் கருவியில். ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். கும்பகோணத்தில் ஒரு இஎஸ்எக்ஸ்ஐ பெட்டி (விஎம்களை ஓட்டும் விஎம்வேர் சர்வர்), மன்னார்குடியில் இன்னொன்று, நடுவில் விபிஎன். இஎஸ்எக்ஸ்ஐயின் இலவச லைசென்ஸ் ஏபிஐ (ஸ்கிரிப்ட் சர்வரோடு பேசும் வழி) மூலம் படிக்க மட்டும் விடும், அணைக்க விடாது. அதனால் எல்லாமே 60 நாள் மதிப்பீட்டுக் காலத்தில் செய்து பார்த்தது.

ஸ்கிரிப்டின் முதல் வடிவம் $குளோபல்:டீஃபால்ட்விஐசர்வர்ஸ் பட்டியலில் (பவர்சிஎல்ஐ இணைத்த சர்வர்கள் இதில் இருக்கும்) ‘இஸ்கனெக்டட்’ (இணைந்திருக்கிறதா) என்ற பண்பு ட்ரூவா என்று இஃப் போட்டுப் பார்த்தது. ஒரே சர்வர் இருக்கும்வரை குறை தெரியாது. இரண்டு சர்வர் ஆனதும் அந்தப் பண்பு ஒற்றை விடையாக வராது, இரண்டு உறுப்புள்ள வரிசையாக வரும். உள்ளே இரண்டும் ஃபால்ஸாக இருந்தாலும், ஒன்றுக்கு மேல் உறுப்புள்ள வரிசையை பவர்ஷெல் ட்ரூ என்றுதான் எடுத்துக்கொள்ளும். எனவே சர்வர் பெயரை வேர்-ஆப்ஜெக்டில் வடிகட்டி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல்: பட்டியலில் ‘நேம்’ என்பது இணைக்கும்போது எப்படித் தட்டினோமோ அதுதான். ஐபி போட்டு இணைத்துவிட்டுப் பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்காது, ஸ்கிரிப்ட் பாட்டுக்கு இன்னொரு இணைப்பைத் திறக்கும்.

அடுத்தது செஷன், அதாவது சர்வரில் நுழைந்தபின் திறந்திருக்கும் இணைப்பு. மூன்று விதமாக அறுத்துப் பார்த்தோம். இன்வெர்ட்டருக்கு மாறும்போது ஃபைபர் மோடம் அணைந்து திரும்ப வந்தால் செஷனுக்கு ஒன்றும் ஆகாது. அது குக்கியை (நுழைந்ததற்குச் சர்வர் தந்த அடையாளச் சீட்டை) நம்பி ஓடுகிறது, லைன் வந்ததும் அதே செஷன் தொடரும். வேலை எதுவும் தராமல் 30 நிமிடத்துக்கு மேல் விட்டால் போய்விடும், அதுதான் சர்வரின் இயல்பான செயலற்ற கால வரம்பு. ஹோஸ்டை (இஎஸ்எக்ஸ்ஐ பெட்டியை) அணைத்துத் திரும்பத் தொடக்கினாலும் போய்விடும். ஆக, பழி போட வேண்டியது கரண்ட் மேல் அல்ல, சும்மா கிடந்த அரைமணி மேல்.

பிந்தைய இரண்டிலும் இஸ்கனெக்டட் ட்ரூ என்றே காட்டிக்கொண்டிருந்தது. அது பவர்சிஎல்ஐ தன் பக்கம் குறித்து வைத்திருப்பது. சர்வரைக் கேட்டுச் சொல்வதில்லை. இன்று தண்ணீர் முறை நம்முடையது என்று எழுதியிருக்கலாம், மதகுக்குப் போய்ப் பார்த்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா தெரியும்.

செஷன் இருக்கிறதா என்று சர்வரையே கேட்க லேசான வழி: கெட்-வியூ சர்வீஸ்இன்ஸ்டன்ஸ், அதில் சர்வரின் நேரத்தைக் கேட்கும் கரண்ட்டைம்() அழைப்பு. நேரம் வந்தால் செஷன் உயிரோடு இருக்கிறது. கெட்-விஎம் போட்டும் சோதிக்கலாம், ஆனால் இவ்வளவுக்கு அது வீண் சுமை. கெட்-வியூவுக்கு -எரர்ஆக்‌ஷன் ஸ்டாப் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் பிழை சிவப்பு எழுத்தில் ஓடிப்போகும், பிழை வந்தால் ஓட வேண்டிய கேட்ச் பகுதிக்கு வராது.

கேட்ச்சில் முதலில் டிஸ்கனெக்ட்-விஐசர்வர், பிறகு கனெக்ட்-விஐசர்வர். டிஸ்கனெக்டில் -ஃபோர்ஸும் -கன்ஃபர்ம்:$ஃபால்ஸும் வேண்டும். ஒரே சர்வருக்குப் பலமுறை இணைத்திருந்தால் ஃபோர்ஸ் இல்லாமல் கடைசி இணைப்பு மட்டும் மூடும். கன்ஃபர்மை விட்டால் ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரிப்ட் ‘சரியா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும், பேட்டரி தீரும்.

இரண்டு சர்வரும் இணைந்திருக்கையில் -சர்வர் போடாமல் எந்தக் கட்டளையும் கொடுக்க வேண்டாம். இரண்டு பெட்டியிலும் ‘டெஸ்ட்’ என்றொரு விஎம் இருந்தது. மன்னார்குடிக்கு நினைத்துக் கொடுத்த ஸ்டாப்-விஎம் கும்பகோணத்தையும் சேர்த்து அணைத்தது.

மிச்சம் இருப்பது ஸ்டார்ட்-ஜாப், பின்னணியில் வேலை ஓட்டும் கட்டளை. அது தனி ப்ராசஸ், பட்டியல் அங்கே காலி. செஷன்சீக்ரெட்டை (திறந்திருக்கும் செஷனின் ரகசியச் சாவியை) உள்ளே அனுப்பி, கனெக்ட்-விஐசர்வரில் -செஷன் கொடுத்து இணைக்க வேண்டும். கடவுச்சொல் திரும்பத் தேவையில்லை. ஜாப் முடிவில் டிஸ்கனெக்ட் போட்டால் மூலச் செஷனும் சேர்ந்து மூடிவிடும் என்பதால், அந்த வரியை ஜாப்பில் எழுதாமல் வெளியே வைத்திருக்கிறது.