பாதயாத்திரைப் பந்தல் சோறு: திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே திண்டுக்கல் - பழனி சாலையோரம் முழுக்கப் பச்சை வேட்டியும் காவித் துண்டுமாகத்தான் தெரியும். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக வரும் நகரத்தார் காவடியும், மதுரைப் பக்கத்துக் கூட்டமும் திண்டுக்கல்லில் சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரத்தை நெருங்க நெருங்கப் பழனி மலைத்தொடர் இடக்கைப் பக்கம் கூடவே வரும். நடந்து போனவர்களிடம் கேட்டால், முருகன் தரிசனத்துக்கு அடுத்தபடி வழியில் அன்னதானப் பந்தல்களில் சாப்பிட்ட சோற்றைத்தான் சொல்வார்கள். நடந்த பசிக்கு எதுவும் ருசிக்கும் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி சமையற்கட்டில் இருக்கிறது. நல்ல பந்தலில் சோறு இறக்கிய அரை மணிக்குள் கைக்கு வந்துவிடும்.

இது எளிதில் அமைவதில்லை. கல்யாணப் பந்தி மாதிரி ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்து உட்காருவதில்லை. வெயிலுக்கு முன் நடந்துவிட வேண்டும் என்று அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே கிளம்புவார்கள். பத்து, பதினொன்றுக்கு எங்காவது ஒதுங்கிப் படுத்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. ஒரு குழு வந்தால் இருநூறு பேர், அதன்பின் முக்கால் மணி நேரம் சாலை காலி. ஆயிரம் பேருக்கு ஒரே உலையாக வைத்த பந்தலில் கடைசி முந்நூறு பேருக்கு ஆறிக் கெட்டிப்பட்ட சோறுதான் கிடைக்கும். நூறு பேர் அளவில் அண்டா வைத்து, ஒன்று பாதியாகும்போது அடுத்ததை அடுப்பில் ஏற்றுவதே பழைய பந்தல்காரர்களின் முறை.

விடிகாலைக்கு வெண்பொங்கல். நூறு பேருக்குப் பச்சரிசி 7 கிலோ, பாசிப்பருப்பு 2 கிலோ, இரண்டும் சேர்ந்த அளவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், மிளகும் சீரகமும் 100 கிராம் வீதம், இஞ்சி கால் கிலோ, நெய் ஒரு கிலோ. தைப் பனியில் பொங்கல் கால் மணி நேரத்திலேயே இறுகத் தொடங்கும். பக்கத்தில் ஒரு குண்டானில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரத்துக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பொங்கல் கட்டி கட்டியாகத் திரியும், சீக்கிரம் ஊசியும் போகும். மிளகை முழுசாகப் போடாமல் ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால் நடப்பவர்கள் அதை ஒதுக்க மாட்டார்கள், குளிருக்கும் இதம்.

முற்பகலுக்குச் சாம்பார் சாதம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை வழியிலேயே இருப்பது பெரிய கொடுப்பினை. கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய் போகும் சந்தை அது. முருங்கை, கத்தரி, பூசணி, தக்காளி எல்லாம் அன்றைய பறிப்பாகவே கிடைக்கும். நூறு பேருக்கு அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு இரண்டரை கிலோ, காய் 6 கிலோ, புளி அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இங்கே நடக்கும் முதல் தவறு, பருப்பு மலர்வதற்குள் புளியைக் கரைத்து ஊற்றுவது. அப்புறம் எத்தனை விறகு எரித்தாலும் பருப்பு முழிச்சுக்கொண்டே நிற்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பருப்புக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பிடித்து வர வேண்டும். அடிப்பிடித்துவிட்டால் கரண்டியை அடிவரை விட்டுச் சுரண்டக் கூடாது, மேலாக வேறு அண்டாவுக்கு மாற்றிவிட வேண்டும். தேங்காய் அரைத்து விட்டால் மணமாகத்தான் இருக்கும், ஆனால் வெயிலில் மூன்று மணி நேரம் தாங்காது. அதனால் பந்தல் சாம்பாரில் தேங்காய் கிடையாது. ஆவி அடங்குமுன் தட்டுப் போட்டு மூடினாலும் வேர்த்து, மேல் சோறு நசநசத்துப் போகும். வெள்ளைத் துணி போட்டு மூடுவதே சரி.

தயிர் சாதம் உச்சிப் பொழுதுக்கு மட்டும். சூடாக இருக்கும்போதே மசித்துப் பாலை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே தயிர் சேர்க்க வேண்டும். 6 கிலோ அரிசிக்குப் பால் 10 லிட்டர், தயிர் 3 லிட்டர். தயிரைக் கூட்டினால் மத்தியானத்துக்குள் புளிக்கும். இரவுக் குளிரில் யாரும் இதைத் தொட மாட்டார்கள். அந்த நேரத்துக்கு ரவை உப்புமாவும், சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்ட கருப்பட்டிக் காபியும்தான்.

இப்போது எங்கும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. முன்பு மண்ணில் நீளமாகப் பள்ளம் வெட்டி, கோட்டை அடுப்பு போட்டு, சீமைக் கருவேல விறகில் சமைத்தார்கள். ஈயம் பூசிய பித்தளை அண்டா. ஈயம் தேய்ந்திருந்தால் புளி பட்டுக் களிம்பு ஏறும் என்று சமையல்காரர் முதல் நாளே உள்ளே தடவிப் பார்ப்பார். எரிவதை இழுத்துவிட்டுத் தணலில் விட்ட பொங்கலுக்கு இருந்த லேசான புகை மணம் கேஸில் வராது. அதை நினைத்து ஏங்குவது நியாயமானதுதான். இலையும் அப்படியே. தை முகூர்த்த மாதம், வாழை இலை விலை ஏறியிருக்கும். அதனால் மந்தாரைத் தையல் இலைதான் கைக்கு வரும். சூடான சோறு விழுந்ததும் அந்த இலையிலிருந்து எழும் வாசனை ஒரு தலைமுறைக்கே தெரியும். பாக்குமட்டைத் தட்டு அதற்கு நல்ல மாற்று. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டை மலையடிவாரத்தில் கொண்டுவந்து குவிப்பது சேவையில் சேராது.

பரிமாறுவதிலும் பக்குவம் உண்டு. 30 கிலோமீட்டர் நடந்தவரைச் சம்மணமிட உட்கார வைத்தால் எழுந்திருக்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். பெஞ்சு போட்டால் புண்ணியம். "சாமி, இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கங்க சாமி" என்று கேட்டுத்தான் போட வேண்டும். வயிறு நிறையத் திணித்தால் அடுத்த ஐந்து மைல் நடக்க முடியாது. செருப்பில்லாத கால்கள் என்பதால் சோறு சிந்திய இடத்தை உடனுக்குடன் கூட்ட வேண்டும், எச்சில் இலைக்குச் சாலையைவிட்டுத் தள்ளியே கூடை வைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லுப்புப் போட்டு, கால் வைக்க ஒரு தொட்டி இருந்தால் அந்தப் பந்தலை அடுத்த வருஷமும் தேடி வருவார்கள். பந்தல் போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டிப் பதிந்துகொள்வது அவசியம்.

விருப்பாட்சி, சத்திரப்பட்டி தாண்டி ஆயக்குடி வந்தால் கொய்யாக் கூடைகள். அதற்குமேல் மலை கண்ணில் பட்டுவிடும், யாருக்கும் சோற்று நினைவு இராது. மலைமேல் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் 2012 முதல் நடக்கிறது.

பூசம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலச் சமூகத்தாரின் காவடி வரும். மலைமேல் இரவு தங்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. மலைவாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலம் என்று எல்லாவற்றையும் மூட்டையாகக் கொண்டுவந்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். மலைவாழையில் விருப்பாட்சிப் பழத்தில் ஈரப்பசை குறைவு, அதனால் பஞ்சாமிர்தம் நீர்த்துப் போகாது. வாழையைத் தாக்கும் முடிக்கொத்து நோய் மலைத் தோட்டங்களை அழித்தபின் அந்தப் பழம் அரிதாகிவிட்டது. சதை குழைந்த பழத்தைப் போட்டால் சர்க்கரையைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நுரைத்துப் பொங்கிவிடும் என்பதால் பிசையும் கையும் பாத்திரமும் துளி ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். சுவாமிக்குப் படைத்து, ஊருக்குக் கொண்டுபோய், வர முடியாத வீடுகளுக்கெல்லாம் பங்கு வைப்பார்கள்.