பிராக் முதல் ஹனோய் வரை: உள்ளூர் முறைப்படி ஒரு பீர்

வெளிநாட்டுப் பயணம் முடிவானதும் அந்த ஊர் மொழியில் நான் படித்துக்கொள்வது கொஞ்சம்தான். வணக்கம், நன்றி, எவ்வளவு, அப்புறம் 'ஒரு பீர் கொடுங்கள்'. கடைசி வாக்கியம் எதற்கு, 'பீர்' என்றாலே எல்லா ஊரிலும் புரியுமே என்று நண்பர்கள் கேட்பார்கள். புரியும்தான். ஆங்கிலத்தில் கேட்டாலும் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் பீர் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. யாரை எப்படிக் கூப்பிடுவது, எத்தனை என்று எப்படிச் சொல்வது, போதும் என்பதை எப்படித் தெரிவிப்பது. இதைத் தெரிந்துகொண்டு போனால் பரிமாறுகிறவர் முகமே மலர்கிறது. பக்கத்து மேசைக்காரர் பேச்சுக் கொடுக்கிறார். நான் ஊர் ஊராகப் போவதே அந்தப் பேச்சுக்காகத்தான்.

செக் நாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் உலகிலேயே அதிகம் பீர் குடிப்பவர்கள் அவர்கள்தான். 1842-ல் அங்கே பில்சன் நகரில், ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த யோசெஃப் க்ரோல் என்பவர் காய்ச்சிய பொன்னிற பீர்தான் பிறகு உலகம் பூராவும் பரவியது. நம்மூர்க் கடைகளில் விற்கும் லாகர் பாட்டில்களும் அந்த வம்சம்தான்.

பிராகின் பழைய பீர்க்கடைகளில் பல நேரம் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. மேசை மேல் வட்ட அட்டைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து உங்கள் முன்னால் வைத்தால் 'எனக்கும் ஒன்று' என்று அர்த்தம். பரிமாறுகிறவர் கிளாஸை அதன்மேல் வைத்துவிட்டு, ஒரு துண்டுத்தாளில் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். அந்தத் தாள்தான் பில். பத்திரமாக வைத்திருங்கள்; அதில் நீங்கள் எதுவும் எழுதக்கூடாது. கிளாஸ் காலியாகும் நேரம் பார்த்து அடுத்தது தானாக வரும். வாயால் சொல்வதென்றால் 'யெட்னோ பிவோ, ப்ரோஸீம்', தயவுசெய்து ஒரு பீர். எழுந்திருக்கும்போது 'ஸப்லாட்டீம்', பணம் கொடுத்துவிடுகிறேன்.

பலகையில் பத்து, பன்னிரண்டு என்று எண் போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அது ஆல்கஹால் அளவு இல்லை. புளிக்க வைக்கும் முன் சாற்றில் இருந்த மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சத்தின் கணக்கு. பத்து என்றால் ஆல்கஹால் சுமார் 4 சதவீதம், பன்னிரண்டு என்றால் சுமார் 5. மத்தியானம் உட்கார்ந்து பேச பத்துதான் சரி.

நுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுரை அதிகம் வந்தால் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் நினைப்போம். அங்கே ஈரமான கெட்டி நுரைதான் ஊற்றுகிறவரின் கைத்திறன். பீரில் காற்றுப் படாமல் காப்பதும் அதுதான். கிளாஸ் முழுக்க நுரையாகவே ஊற்றித் தருகிற ஒரு வகையும் உண்டு; பால் என்றே அதற்குப் பெயர். நுரை அடங்குவதற்குள் மளமளவென்று குடித்துவிட வேண்டும். இனிப்பாக, மெத்தென்று இறங்குகிறது. எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

1994-ல் அமெரிக்க அதிபர் கிளின்டன் பிராகுக்கு வந்தபோது, செக் அதிபர் ஹாவெல் அவரை 'தங்கப் புலி' என்ற பீர்க்கடைக்குத்தான் அழைத்துப் போனார். எழுத்தாளர் ஹ்ராபல் தினமும் உட்கார்ந்த கடை அது. நாட்டுக்கு வந்த விருந்தாளியை எங்கே உட்கார வைப்பது என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெர்மனியில் கொலோன் நகரம் வேறு ரகம். அங்கே காய்ச்சுகிற பீருக்குக் கோல்ஷ் என்று பெயர். கொலோனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் காய்ச்சியதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது என்று ஆலைகள் 1986-ல் கூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 200 மில்லி பிடிக்கிற ஒல்லியான கிளாஸில்தான் வரும். பரிமாறுகிறவரை கோபெஸ் என்பார்கள். நீல ஏப்ரன், கையில் கிளாஸ்களைச் செருகிய வட்டத் தட்டு. ஒன்று முடிந்தால் கேட்காமலே அடுத்ததை வைத்து, அட்டையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுவார். பந்தியில் போதும் என்று இலைமேல் கையை மறிக்கும்வரை சோறு விழுந்துகொண்டே இருக்குமே, அப்படி. இங்கே கைக்குப் பதில் அட்டை. கிளாஸின் வாயை அட்டையால் மூடினால்தான் நிறுத்துவார். கோபெஸ்கள் கொஞ்சம் வெடுக்கென்று பேசுவார்கள். அது கோபம் இல்லை, அந்த ஊர் வழக்கம். திருப்பி நாலு வார்த்தை பேசினால் சந்தோஷப்படுவார்கள்.

ஜெர்மனி போகிறவர்களுக்கு இன்னொன்று. அவர்கள் எண்ணுவது கட்டைவிரலிலிருந்து. ஒன்று என்றால் கட்டைவிரல். இரண்டு என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். சத்தமான கூடத்தில் விரலைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஜப்பானை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'பீரு ஃபுதாத்ஸு குதசாய்': பீர் இரண்டு கொடுங்கள். வரிசை அப்படியே தமிழ் வரிசை என்பதால் நமக்குச் சட்டென்று வாயில் வந்துவிடும். பரிமாறுகிறவரை 'சுமிமாசென்!' (மன்னிக்கணும்) என்று உரக்கக் கூப்பிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டில் வாங்கினால் உங்கள் கிளாஸை நீங்களே நிரப்பாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் ஊற்றுங்கள், உங்களுக்கு அவர் ஊற்றுவார்.

என் மனசு நிற்பதென்னவோ வியட்நாம் தலைநகர் ஹனோயில்தான்.

அங்கே 'பியா ஹோய்' என்று ஒரு பீர். பதப்படுத்தாமல் காய்ச்சி, பீப்பாயில் வந்து, அன்றைக்கே விற்றுத் தீர்ந்துவிடும். லேசான பீர். நடைபாதையில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் ஸ்டூல். பழைய கண்ணாடியை உருக்கிச் செய்த தடித்த கிளாஸ்; இளம்பச்சையாக, கண்ணாடிக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் தெரியும். தொட்டுக்கொள்ள அவித்த வேர்க்கடலை. கடைக்காரம்மா கிளாஸ்களை வரிசையாக வைத்து, குழாயை மூடாமலே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தி நிரப்புகிறார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

அங்கே பரிமாறுகிறவரை உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நம்மைவிட இளையவர் என்றால் 'எம் ஒய்', அண்ணன் வயது என்றால் 'அன் ஒய்', அக்கா வயது என்றால் 'சி ஒய்'. 'எம் ஒய், மோட் பியா!' என்றால் தம்பி, ஒரு பீர். நம்மூர் டீக்கடையில் 'அண்ணே, ஒரு டீ' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்?

பக்கத்து ஸ்டூலில் இருந்த நரைமுடிக்காரர் ஒருவர் என் வயதைக் கேட்டார். பிறகு என் அப்பாவின் வயதைக் கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. அப்பாவைவிட மூத்தவர் என்றால் 'பாக்', இளையவர் என்றால் 'சூ'. நம் பெரியப்பா, சித்தப்பாவேதான்! ஆங்கிலத்தில் இந்த இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான். அவர் என் அப்பாவுக்கு இளையவர். ஆக எனக்குச் சித்தப்பா ஆனார். கடலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் 'சூ ஒய்' என்று சொல்லிக் கிளாஸை உயர்த்தியதும் அவர் சிநேகிதர்கள் எல்லாரும் சேர்ந்து 'மோட், ஹாய், பா, ஸோ!' என்று கத்தினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, குடி! அதன்பிறகு தனியாக உட்காரவே விடவில்லை.

ஹனோய் போனால், வெளியூர்க்காரர்கள் பீர் குடிக்கக் கூடுகிற தா ஹியென் தெருமுனையை ஒருதரம் பார்த்துவிட்டு, நாலு தெரு தள்ளி உள்ளூர்க்காரர்கள் உட்காரும் கடையைத் தேடுங்கள். ஸ்கூட்டரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். வண்டி ஓட்டுகிறவர் உடலில் ஆல்கஹால் துளியும் இருக்கக்கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்து சட்டம், அபராதமும் கடுமை. பணம் கொடுக்க 'தின் தியென்' என்று சொன்னால் போதும். சாயங்காலம் சீக்கிரமே போய்விடுங்கள். பீப்பாய் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.