ஊருணி ஏன் நிறையவில்லை? ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு என் அனுபவம்

முதுகலை ஆய்வேட்டுக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு 'செட்டிநாட்டில் காலநிலை மாற்றமும் தகவமைப்பும்'. சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். கையில் இருந்ததோ ஆறு மாதம். "ஒரு ஊர், ஒரு ஊருணி, ஒரு கேள்வி போதும்மா" என்று வழிகாட்டி ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நானும் அதையே சொல்வேன்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு ஊரை எடுத்துக்கொண்டேன். நல்ல மழை பெய்த ஆண்டிலும் அங்கே ஊருணி ஏன் நிறையவில்லை என்பதுதான் கேள்வி.

நாற்பது கேள்விகள் அச்சடித்துக்கொண்டு போனேன். 'காலநிலை மாற்றத்தால் உங்கள் வாழ்வு பாதிக்கப்பட்டதா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றார்கள். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் வேறென்ன வரும்? அந்தப் படிவத்தை விட்டுவிட்டு, "ஊருணி கடைசியா எப்ப மறுகால் போச்சு?" என்று கேட்க ஆரம்பித்தேன். மறுகால் போவது என்றால் நிரம்பி வழிவது. பேச்சே மாறிவிட்டது. யாரும் ஆண்டை எண்ணில் சொல்வதில்லை. 'கஜா புயல் வந்த வருஷம்' என்றால் 2018. 'மக கல்யாணம் நடந்த வருஷம்' என்றால் அழைப்பிதழைத் தேடி எடுத்துக் காட்டுவார்கள். இப்படி நினைவோடு ஆண்டைப் பொருத்த ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆச்சி சொன்னதுதான் என் ஆய்வின் திசையையே மாற்றியது. "மழையக் குத்தம் சொல்லாத ஆத்தா. நான் வாக்கப்பட்டு வந்தப்ப மூணு பக்கமும் தண்ணி வரும். இப்ப ஒரு பக்கந்தான் வருது." மறுநாள், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களான வரத்துக்கால்களில் நடந்தேன். ஒன்று புது மனைப்பிரிவுக்கு அடியில் போயிருந்தது. இன்னொன்று சாலை உயர்ந்தபோது அடைபட்டிருந்தது.

அப்புறம் மழைக்கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தினசரி மழைத் தரவு, 1901 முதல், அட்சரேகை, தீர்க்கரேகையில் 0.25 பாகைக் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். காரைக்குடியும் தேவகோட்டையும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். நம் பக்கம் ஒரு ஊரில் கொட்டும் மழை அடுத்த ஊரில் தூறாமல் போவது உண்டு, அதனால் பக்கத்து மழைமானிப் பதிவையும் சேர்த்தே பாருங்கள். ஆண்டு மொத்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாள்கள் எத்தனை, 64.5 மில்லிமீட்டரைத் தொட்ட கனமழை நாள்கள் எத்தனை என்று தனித்தனியே எண்ண வேண்டும். மொத்தம் அதேதான், ஆனால் குறைந்த நாள்களில் கொட்டித் தீர்க்கிறது என்றால் ஊருணிக்கு அது வேறு மழை. குறைந்தது 30 ஆண்டுத் தொடர் வேண்டும். தொடர் எந்த ஆண்டில் முடிகிறது என்பதிலும் கவனம் வேண்டும். 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் எந்தக் கோடும் சரிந்துதான் தெரியும்.

கோட்பாட்டில் நான் தடுமாறிய இடம் ஒன்று. ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை, பாதிப்புறும் தன்மைக்குள்ளேயே வெளிப்பாடு (பாதிப்புக்கு ஆளாகும் நிலையில் இருப்பது), உணர்திறன் (எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்பது), தகவமைப்புத் திறன் (சமாளித்து மாறிக்கொள்ளும் திறன்) மூன்றையும் வைத்தது. 2014 அறிக்கையிலோ ஆபத்து (வெள்ளம், வறட்சி போன்ற நிகழ்வு), வெளிப்பாடு, பாதிப்புறும் தன்மை மூன்றும் சேர்ந்தால்தான் இடர் (ரிஸ்க்). நான் இரண்டையும் கலந்து எழுதி, ஒரு அத்தியாயத்தையே திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ஏதாவது ஒன்றை எடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

செட்டிநாடு என்றதும் வீடுகளின் குளிர்ச்சியை எழுதத்தான் பலருக்கும் ஆசை. முற்றம், தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் அளந்து பார்க்க வேண்டியவைதான். வெயில் நேராகப் படாத இடத்தில் வெப்பமானியை வைத்து இரவிலும் குறியுங்கள், தடித்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் விடும். ஆனால் அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இருப்பவர் வீட்டில் அதே வெப்பமானியை வைக்காமல் தகவமைப்பு பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாய்மொழித் தேர்வில் வந்த முதல் கேள்வி: "காலநிலை மாறாமல் இருந்தாலும் இந்த ஊருணி வற்றியிருக்குமா?" வற்றியிருக்கும் என்றேன். அதற்கு வரத்துக்கால் படமே சான்று. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கனமழை இன்னும் கனக்கும், அடைபட்ட வாய்க்காலால் அந்தத் தண்ணீர் தெருவில் நிற்கும், ஊருணி காய்ந்தே கிடக்கும் என்றும் சொன்னேன். அதற்குமேல் அதில் கேள்வி வரவில்லை.

களப்பணியை வெயில் காலத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசியில் மழை கொட்டும்போது ஒரு நாளாவது குடையோடு வரத்துக்கால் ஓரமாக நடங்கள். மூன்றாவது வாய்க்காலின் தண்ணீர் எந்த வீட்டுச் சுவரில் முட்டித் திரும்புகிறது என்பதை அப்படி ஒரு நாளில்தான் நான் பார்த்தேன்.